மூடிலில் விலக்கு கொடுத்தும் மார்க் குறைகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கபடிப் போட்டிக்குப் போன மாணவிக்கு மூன்றாவது அசைன்மென்ட்டிலிருந்து விலக்கு என்று துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவம் ஆபீஸ் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பாடமும் மார்க்கும் ஏற்றும் இணைய மென்பொருளான மூடிலுக்கு (Moodle) அந்தக் கையெழுத்து தெரியாது. செமஸ்டர் கடைசியில் அந்த மாணவியின் மொத்தம் ஏன் குறைந்தது, சான்றிதழ் ஏன் வரவில்லை, அடுத்த பாடம் ஏன் திறக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேள்வி வரும். கேட்பதற்கே தயங்கி, கிடைத்த மார்க்கோடு போய்விடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூடிலில் ஒரு மாணவருக்கு விலக்கு கொடுக்கத் தனியாக ஒரே பட்டன் கிடையாது. கேன்வாஸ் என்ற இதே வகை மென்பொருளில் மார்க் கட்டத்துக்குள் இஎக்ஸ் (EX) என்ற இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும். மூடிலில் மார்க் கணக்கு ஓர் இடம், பாடம் முடித்ததற்கான டிக் இன்னோர் இடம், பாடத்தைத் திறக்கும் நிபந்தனை வேறோர் இடம், நினைவூட்டல் மற்றோர் இடம். ஓரிடத்தில் சொன்னது அடுத்த இடத்துக்குப் போய்ச் சேராது. கீழே உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் வருபவை.

கை வைப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மாணவருக்குச் சொல்லப்பட்டது உண்மையிலேயே விலக்கா, கூடுதல் அவகாசமா, மாற்றுத் தேர்வா? அவகாசம் என்றால் அசைன்மென்ட்டின் சப்மிஷன் பக்கத்தில் அந்த மாணவரின் வரிசையில் கிராண்ட் எக்ஸ்டென்ஷன் கொடுத்தால் வேலை முடிந்தது. மாற்றுத் தேர்வு என்றால் அவருக்கு மட்டும் வேறு தேதியை யூசர் ஓவர்ரைடு வழியாகக் கொடுக்கலாம். இந்த இரண்டுக்கும் எக்ஸ்க்ளூடட் (மார்க்கைக் கணக்கிலிருந்து விலக்கும் குறி) போடவே கூடாது. போட்டால், அவர் பின்னால் எழுதி வாங்கும் மார்க் கணக்கில் சேராது.

அறிகுறி: விலக்கு பெற்றவருக்குப் பூஜ்யமாகக் கணக்கிடப்படுகிறது

இதுதான் அடிக்கடி வருவது. காரணம், கட்டத்தைக் காலியாக விட்டாலே விலக்கு என்று ஆசிரியர் எண்ணிக்கொள்வது. காலி, பூஜ்யம், விலக்கு மூன்றும் மூடிலுக்குத் தனித்தனி நிலைகள். காலியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை, அசைன்மென்ட்களைத் தொகுத்து வைக்கும் ஒவ்வொரு பிரிவிலும் (கேட்டகரி) உள்ள எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ் என்ற தேர்வு முடிவு செய்கிறது. டிக் இருந்தால் காலிக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது. டிக் இல்லாவிட்டால் அதைப் பூஜ்யம் என்று கூட்டிவிடும். கிரேட்புக் (மார்க் பதிவேடு) செட்டப் போய், பிரிவின் எடிட் பக்கத்தில் ஷோ மோர் தட்டினால் இது தெரியும்.

அந்த டிக்கைப் போட்டாலே தீர்ந்துவிடும் போலத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். அது வகுப்பு முழுவதற்குமான தேர்வு. காரணமே இல்லாமல் எழுதாமல் விட்டவருக்கும் அதே சலுகை போய்ச் சேரும். கூடவே, விலக்கு பெற்றவரையும் எழுதாதவரையும் பட்டியலில் பிரித்தறிய முடியாமல் போய்விடும். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் பதில் சொல்ல ஆதாரம் இருக்காது.

சரியான வழி, அந்த மாணவரின் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் குறி போடுவது. வகுப்பின் மார்க் பட்டியலான கிரேடர் ரிப்போர்ட்டைத் திறந்து எடிட் மோடை இயக்குங்கள். கட்டத்தின் ஓரத்தில் உள்ள மெனுவில் எடிட் கிரேட் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அதே இடத்தில் பல்சக்கரப் படம் இருக்கும். திறக்கும் பக்கத்தில் எக்ஸ்க்ளூடட் என்பதில் டிக் போட்டுச் சேமியுங்கள். அதே பக்கத்தில் உள்ள ஃபீட்பேக் பெட்டியில் "ஓ.டி., துறை அனுமதி" என்பது போல ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. அந்த வரி மாணவர் கண்ணிலும் படும். அதனால் நோய் விவரம் எதையும் அங்கே எழுத வேண்டாம்.

மெனுவில் எடிட் கிரேட் வரவே இல்லை என்றால் எடிட் மோட் இயங்கவில்லை, அல்லது உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ரோலில் மார்க் திருத்தும் அனுமதி இல்லை. இரண்டாவது என்றால் கல்லூரியில் மூடிலைப் பார்த்துக்கொள்பவரிடம்தான் போக வேண்டும்.

ஒரே டீமிலிருந்து பத்துப் பதினைந்து பேர் போட்டிக்குப் போயிருந்தால் ஒவ்வொரு கட்டமாகத் திறக்கத் தேவையில்லை. சிங்கிள் வியூ ரிப்போர்ட்டில் அந்த அசைன்மென்ட்டைத் தேர்ந்தெடுத்தால் வகுப்பு முழுவதும் ஒரே பட்டியலாக வரும். எக்ஸ்க்ளூட் பத்தியில் வேண்டிய பெயர்களுக்கு மட்டும் டிக் போட்டு, கீழே சேமித்துவிடலாம்.

அறிகுறி: எக்ஸ்க்ளூடட் போட்டாயிற்று, மொத்தம் மட்டும் மாறவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "மூடில் வேலை செய்யவில்லை" என்று சொல்லி, ஆசிரியர்கள் கையால் மார்க்கைத் திருத்தத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ஐந்து அசைன்மென்ட், ஒவ்வொன்றும் 20 மார்க் என்று வைத்துக்கொள்வோம். மாணவி வாங்கியது 16, 14, 18, 17. மூன்றாவதற்கு விலக்கு. கூட்டினால் 65. எக்ஸ்க்ளூடட் போடுவதற்கு முன்னும் 65, போட்ட பின்னும் 65. ஆனால் உள்ளே ஒன்று மாறியிருக்கிறது. முன்னால் அது 100க்கு 65. இப்போது 80க்கு 65, அதாவது 81.25 சதவீதம்.

நேச்சுரல் என்ற கூட்டல் முறையில் இப்படித்தான் நடக்கும். 2014இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து புதிய கோர்ஸ்களுக்கு இயல்பாக அமைவது இந்த முறைதான். விலக்கிய அசைன்மென்ட்டின் 20 மார்க்கை அந்த ஒரு மாணவியின் உச்ச மதிப்பிலிருந்து மூடில் கழித்துவிடுகிறது. கிரேடர் ரிப்போர்ட்டோ வெறும் எண்ணை மட்டும் காட்டுகிறது, எத்தனைக்கு என்று காட்டுவதில்லை. எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொன்றிலும் 15 வாங்கிய மாணவருக்கு அதே பத்தியில் 75 என்று நிற்கும். 81 சதவீதம் உள்ளவர் 75 சதவீதம் உள்ளவருக்குக் கீழே இருப்பதாகத் தெரியும். அந்தப் பத்தியை அப்படியே எடுத்து இன்டர்னல் (அக மதிப்பெண்) 20க்கு மாற்றினால் அவருக்கு 13 வரும். வர வேண்டியது 16.25. விலக்குக் கொடுத்துவிட்டு மூன்று மார்க்குக்கு மேல் பிடுங்கிக்கொண்டது போலத்தான் இது.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. கிரேட்புக் செட்டப்பில் கோர்ஸ் டோட்டலைத் திறந்து, கிரேட் டிஸ்ப்ளே டைப்பைப் பெர்சன்டேஜ் ஆக்குங்கள். எண்ணும் வேண்டும் என்றால் ரியல், பெர்சன்டேஜ் இரண்டும் சேர்ந்து வரும் தேர்வு அங்கேயே இருக்கிறது. இன்டர்னலுக்கு மாற்றுவதைச் சதவீதத்திலிருந்து மட்டுமே செய்யுங்கள். இன்னொரு வழி, அக்ரிகேஷன் என்ற கூட்டல் முறையையே வெயிட்டட் மீன் ஆஃப் கிரேட்ஸ் என்று மாற்றுவது. அதில் மொத்தத்தின் உச்சம் எல்லாருக்கும் 100 ஆகவே நிற்கும். மாணவிக்கு நேரடியாக 81.25 என்று காட்டும். செமஸ்டர் தொடங்கும் முன்பே முடிவெடுப்பதானால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பாதி செமஸ்டரில் முறையை மாற்றினால் வகுப்பு முழுக்க எண்கள் நகரும், பிள்ளைகள் பதறிப்போவார்கள். அப்போது முதல் வழியே நல்லது.

அறிகுறி: ஒரு பிரிவு முழுவதும் பூஜ்யமாகிவிடுகிறது

லேப் என்று ஒரு பிரிவு, அதற்குள் இரண்டே பதிவுகள். அறுவை சிகிச்சைக்குப் போன மாணவருக்கு இரண்டுமே விலக்கு. லேப் மொத்தம் காலியாக, கோடு போட்டு நிற்கும். அதில் தவறில்லை. ஆனால் அதற்கு மேலுள்ள கோர்ஸ் அளவில் காலியை விலக்கும் டிக் இல்லாவிட்டால், அந்தக் காலி அங்கே பூஜ்யமாகிவிடும். உள்ளே போட்ட எக்ஸ்க்ளூடட் குறி மேல் பிரிவு வரை ஏறிப் போவதில்லை. அந்த மாணவரின் வரிசையில் லேப் மொத்தத்தின் கட்டத்தையும் திறந்து எக்ஸ்க்ளூடட் போட்டுப் பாருங்கள்.

மேல் பிரிவில் எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸை இயக்கியும் தீர்க்கலாம். அப்படிச் செய்தால், காரணமின்றி எழுதாதவர்கள் எல்லாருக்கும் நீங்களே பூஜ்யம் இட வேண்டும். அதற்கு பல்க் இன்சர்ட் என்ற வசதி இருக்கிறது. காலிக் கட்டங்களில் எல்லாம் ஒரே தட்டில் 0 போட்டுவிடும். அதைப் பயன்படுத்தினால் விலக்கு பெற்றவரின் கட்டத்திலும் 0 விழும். எக்ஸ்க்ளூடட் குறி இருப்பதால் கணக்கில் சேராது என்றாலும், மாணவர் திறந்து பார்க்கும்போது அந்தப் பூஜ்யம்தான் கண்ணில் படும். பல்க் இன்சர்ட் செய்த கையோடு விலக்குப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டங்களை மட்டும் திரும்பக் காலி செய்யுங்கள்.

அறிகுறி: சூத்திரம் போட்ட பத்தியில் மட்டும் மார்க் குறைகிறது

எடிட் கால்குலேஷன் வழியாகச் சூத்திரம் எழுதியிருந்தால் அது எக்ஸ்க்ளூடட் குறியைப் பார்ப்பதே இல்லை. காலியாக இருப்பதைப் பூஜ்யமாக எடுத்துக் கூட்டி, நீங்கள் எழுதியபடி ஐந்தால் வகுத்துவிடும். மூன்று டெஸ்டில் அதிகமானதை எடு என்ற வகைச் சூத்திரத்துக்கு இதனால் பாதகமில்லை. சராசரிச் சூத்திரங்கள்தான் சிக்கல். சராசரிக்குச் சூத்திரமே தேவையில்லை. தனிப் பிரிவு உருவாக்கி மீன் ஆஃப் கிரேட்ஸ் என்ற சராசரி முறை கொடுத்தால் விலக்கையும் சேர்த்து மூடிலே பார்த்துக்கொள்ளும். சூத்திரத்தை எடுக்க முடியாத நிலை என்றால், அந்த மாணவரின் கட்டத்தை மட்டும் ஓவர்ரைடு செய்து சரியான மதிப்பைக் கையால் இடுங்கள். அதன் பிறகு அவருடைய வேறு மார்க் மாறினாலும் அந்தக் கட்டம் தானாக நகராது. ஆகவே எல்லா மார்க்கும் ஏறிய பிறகே, கடைசி வேலையாக இதைச் செய்ய வேண்டும்.

அறிகுறி: மார்க் சரி, ஆனால் "முடிக்கவில்லை" என்றே காட்டுகிறது, சான்றிதழும் வரவில்லை

மார்க்கும் முடித்ததற்கான டிக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. கிரேட்புக்கில் விலக்கியது ஆக்டிவிட்டி கம்ப்ளீஷனுக்குத் தெரியாது. கோர்ஸின் ரிப்போர்ட்ஸ் பகுதியில் ஆக்டிவிட்டி கம்ப்ளீஷன் அறிக்கையைத் திறங்கள். மாணவரின் பெயரும் அந்த அசைன்மென்ட்டும் சந்திக்கும் கட்டத்தைத் தட்டினால், முடித்ததாக மாற்றவா என்று கேட்கும். ஒப்புக்கொள்ளுங்கள். 2017இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து ஆசிரியர்கள் இதைச் செய்ய முடியும். யார் மாற்றினார்கள் என்பதும் பதிவாகும். கோர்ஸ் முழுவதும் முடிந்ததற்கான நிலை பின்னணியில் கிரான் என்ற தானியங்கி வேலை ஓடும்போதுதான் புதுப்பிக்கப்படும். சான்றிதழ் உடனே வரவில்லை என்று பதறாமல் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள்.

இந்த ஒரு தட்டில் இன்னொரு தொல்லையும் தீர்கிறது. மாணவரின் முகப்பில் டைம்லைன் என்ற பெட்டியில் அந்த அசைன்மென்ட் ஓவர்டியூ என்று நின்றுகொண்டே இருக்குமே, முடித்ததாக மாற்றியதும் அது அங்கிருந்து விலகிவிடும். படுக்கையில் இருக்கும் பிள்ளைக்குத் தினமும் அந்த வரி என்ன செய்யும் என்று யோசித்தால், இதைத் தள்ளிப்போட மனம் வராது. காலண்டரில் தேதி மட்டும் தெரியும், அதனால் பாதகமில்லை. 2024இல் வந்த 4.5 பதிப்பிலிருந்து அசைன்மென்ட் கெடு நெருங்குகிறது, தாண்டிவிட்டது என்ற அறிவிப்புகளும் போகத் தொடங்கியிருக்கின்றன. எக்ஸ்க்ளூடட் குறி அவற்றைத் தடுக்காது. வந்தால் பொருட்படுத்த வேண்டாம் என்று மாணவரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படி மாற்றிய பிறகு அந்த அசைன்மென்ட்டின் செட்டிங்ஸில் போய் கம்ப்ளீஷனை அன்லாக் செய்யாதீர்கள். வகுப்பு முழுவதற்கும் முடித்த பதிவுகள் அழிந்து மறுபடி கணக்கிடப்படும். கையால் போட்ட டிக் அதோடு போய்விடும்.

அறிகுறி: அடுத்த பாடம் பூட்டியே இருக்கிறது

பாடத்தின் பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இருக்கும் நிபந்தனை வரியைப் படியுங்கள். "முந்தைய அசைன்மென்ட் முடிந்திருக்க வேண்டும்" என்றால் மேலே சொன்ன கம்ப்ளீஷன் மாற்றமே பூட்டைத் திறந்துவிடும். "50 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும்" என்று மார்க்கை வைத்துப் பூட்டியிருந்தால் திறக்காது. விலக்கு பெற்றவரிடம் மார்க்கே இல்லை. 50 என்று ஒரு மார்க்கை இட்டுத் திறக்கலாம் என்று சிலர் யோசிப்பார்கள். எழுதாத தேர்வுக்கு மார்க் பதிவாவது எந்த ஆய்விலும் நிற்காது, வேண்டாம்.

அதற்குப் பதிலாகக் கோர்ஸில் ஒரு குரூப் உருவாக்கி அந்த மாணவரை அதில் சேருங்கள். பூட்டிய பாடத்தின் ரெஸ்ட்ரிக்ட் அக்சஸ் பகுதியில் இரண்டு நிபந்தனைகளை வையுங்கள்: மார்க் 50 சதவீதம், அல்லது இந்தக் குரூப்பில் இருப்பது. மேலே ஆல் என்று இருப்பதை எனி என்று மாற்ற மறந்தால், இரண்டும் பொருந்துபவருக்கு மட்டும்தான் திறக்கும். வகுப்பில் ஒருவருக்கும் திறக்காமல் போக இந்தச் சின்னத் தேர்வு போதும்.

குரூப்பின் பெயரில் கவனம் வேண்டும். "மெடிக்கல்", "மகப்பேறு" என்று வைத்தால் யார் யார் அதில் இருக்கிறார்கள் என்பது வகுப்புக்கே தெரிந்துவிடக் கூடும். நிபந்தனை வரியிலும் அந்தப் பெயர் அப்படியே தெரியலாம். "குழு 7" என்பது போல எதுவும் சொல்லாத பெயராக வையுங்கள். 2023இல் வந்த 4.2 பதிப்பு முதல் குரூப்பை உறுப்பினரல்லாதார் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும் தேர்வும் இருக்கிறது. மாணவர் விலக்குக் கேட்ட காரணம் அவருக்கும் துறைக்கும் மட்டும் உரியது.

குரூப்பை வைத்து அசைன்மென்ட்டையே அந்த மாணவருக்கு மறைத்துவிட்டால் விலக்கு ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். பார்வைக்குத்தான் மறையும்; கிரேட்புக்கில் அவருடைய கட்டம் அப்படியே இருக்கும். மார்க்கை ஹைட் செய்வதும் அப்படித்தான். மறைத்த மார்க்கும் கூட்டலில் சேரும்.

அறிகுறி: பின்னால் எழுதிவிட்டார், மார்க் ஏறவில்லை

விலக்கு பெற்றவர் விருப்பப்பட்டுப் பிறகு எழுதினால் இரண்டு வகையில் சிக்கல் வரும். மார்க் கட்டத்தில் தெரிகிறது, மொத்தம் நகரவில்லை என்றால் எக்ஸ்க்ளூடட் குறி இன்னும் இருக்கிறது. புது மார்க் வந்தாலும் அது தானாகப் போகாது, நீங்கள் எடுக்க வேண்டும். அசைன்மென்ட்டில் 17 போட்டிருக்கிறீர்கள், கிரேட்புக்கில் பழைய 0 அசையாமல் நிற்கிறது என்றால் அது ஓவர்ரைடு. பெரும்பாலும் பல்க் இன்சர்ட்டோ, ஃபைல் இம்போர்ட்டோ விட்டுச் சென்றது. எடிட் கிரேட் பக்கத்தில் ஓவர்ரிடன் டிக்கை எடுத்துச் சேமித்தால் 17 வந்து உட்காரும்.

குழுவாகச் சமர்ப்பிக்கும் அசைன்மென்ட்டில் இதற்கு நேர்மாறாக நடக்கும். வேலையில் பங்கே எடுக்காமல் விலக்கு பெற்றவருக்கும் குழுவின் மார்க் விழுந்துவிடும். எக்ஸ்க்ளூடட் போட்டிருந்தால் கணக்கில் சேராது, போடாவிட்டால் சேர்ந்துவிடும். குழுவில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் இதைக் கவனித்துக் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

அறிகுறி: அட்டெண்டன்ஸில் எக்ஸ்க்யூஸ்டு போட்டும் சதவீதம் குறைகிறது

மூடிலில் கூடுதலாகச் சேர்க்கும் அட்டெண்டன்ஸ் ப்ளக்இன்னில் வந்தவருக்கு 2 புள்ளி, தாமதத்துக்கு 1, எக்ஸ்க்யூஸ்டுக்கும் 1, வராதவருக்கு 0 என்றுதான் இயல்பாக இருக்கும். அதாவது ஓ.டி.யில் போனவருக்கும் பத்து நிமிடம் தாமதமாக வந்தவருக்கும் ஒரே மதிப்பு. ஸ்டேட்டஸ் செட் பக்கத்தில் எக்ஸ்க்யூஸ்டின் புள்ளியை 2 ஆக்கினால் வந்தவருக்குச் சமமாகும். உங்கள் கல்லூரி விதி ஓ.டி.யை வருகையாக எண்ணுகிறதா, மெடிக்கலுக்கு வேறு விதியா என்று பார்த்து, தேவைப்பட்டால் இரண்டுக்கும் தனித்தனி ஸ்டேட்டஸ் வையுங்கள்.

அறிகுறி: திரையில் சரி, எக்செல்லில் தவறு

மூடிலிலிருந்து இறக்கும் ஃபைலில் மார்க் இல்லாத கட்டம் வெறும் கோடாக வரும். விலக்கா, எழுதவில்லையா என்று அதில் தெரியாது. எக்செல்லின் ஆவரேஜ் அந்தக் கோட்டை எழுத்தாக எடுத்து விட்டுவிடும். விலக்கு பெற்றவருக்கு இது சரி, எழுதாதவருக்குத் தவறு. எல்லாவற்றையும் கூட்டி 5ஆல் வகுத்தால் நிலைமை தலைகீழ். இறக்கிய பிறகு மறுபடி சராசரி போடாமல், எக்ஸ்போர்ட் பக்கத்தில் பெர்சன்டேஜையும் டிக் செய்து கோர்ஸ் டோட்டலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விலக்கு பெற்றவர்களின் எண்ணைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆபீஸுக்கு அனுப்புங்கள்.

எல்லாம் முடித்த பின் யூசர் ரிப்போர்ட்டில் அந்த மாணவரைத் தேர்ந்தெடுத்து, வியூ ரிப்போர்ட் அஸ் என்பதை யூசர் ஆக்குங்கள். அவர் பார்ப்பது அப்படியே உங்கள் திரையில் வரும். விலக்கிய வரியில் பூஜ்யம் இல்லை, மொத்தத்தின் சதவீதம் சரி என்று பார்த்த பிறகு, விலக்கு பதிவாகிவிட்டது, இந்த அசைன்மென்ட்டால் உனக்கு மார்க் குறையாது என்று அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.